பெயிண்ட் அடித்த ஜிங்க் கட்டி

தம்பிக்கு அப்பா எழுதுவது.

செவ்வாய்க்கிழமை நீ வாட்ஸப்பில் அனுப்பிய பட்டியலை மூன்று முறை படித்தேன். முதல் முறை போனிலேயே, எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி. இரண்டாவது முறை கடைத்தெருவில் பிரிண்ட் எடுத்து வந்து, சிவப்புப் பேனாவோடு. மூன்றாவது முறை படித்து முடித்ததும் எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். "என்னங்க, கிரீஸா?" என்று உன் அம்மா கேட்டாள். கிரீஸ் என்றால் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் போய்விடும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "எதுவா இருந்தாலும் போன்ல சொல்லிடுங்களேன், இந்தக் காலத்துல யாரு லெட்டர் எழுதுறா" என்றாள். போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய். எந்தச் சரிப்பாவில் நீ காது கொடுக்கிறாய், எந்தச் சரிப்பாவில் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்பது எனக்கு வெகுநாளாகத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுக்கப் படி.

விஷயம் நமக்குள் தெளிவாக இருக்கட்டும். நீ வேலை பார்க்கும் யார்டில் ஒரு பணக்காரனுக்கு உல்லாசக் கப்பல் கட்டுகிறீர்கள். சும்மா கரையோரம் சுற்றிவிட்டுச் சாயங்காலம் திரும்புகிற கப்பல் இல்லை. ஒரு தடவை டீசல் நிரப்பினால் பத்து பதினைந்து நாள் கரையைப் பார்க்காமல் சமுத்திரத்தைத் தாண்டுகிற கப்பல். அதன் இன்ஜினைக் குளிர்விக்க என்ன பம்பு, என்ன வடிகட்டி, என்ன குழாய் என்று தேர்ந்தெடுப்பது உன் பொறுப்பு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நீ கையெழுத்துப் போட்டால் சாமான் வாங்கிவிடுவார்கள். "சும்மா ஒரு தடவை பாத்துடுங்கப்பா, எனக்கு ஒரு திருப்தி" என்று அனுப்பியிருக்கிறாய். பார்த்துவிட்டேன். எனக்குக் குமட்டுகிறது. இதைவிட மரியாதையான சொல் கிடைக்குமா என்று இரண்டு நாள் தேடினேன், கிடைக்கவில்லை.

உனக்குத் தெரியாமல் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பு வராது. மன்னார்குடியில் டிப்ளமோ படித்து, அதற்கு மேலும் படித்து, பத்து வருடம் கப்பலிலேயே கிடந்தவன் நீ. தெரியாதவன் முதலில் ஒரு நல்ல பட்டியல் போட்டு, பிறகு அதை ஒவ்வொன்றாக அடித்திருக்க மாட்டான். அடித்ததையும் மேலே மாற்றி எழுதியதையும் அழிக்காமல் அப்படியே அனுப்பியிருக்கிறாய் பார், அதில்தான் என் பிள்ளை கொஞ்சம் மிச்சம் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு இன்ஜினுக்கும் தனித்தனியாகக் கடல் தண்ணீர் வடிகட்டி என்று முதலில் எழுதியிருக்கிறாய். அதை அடித்து, இரண்டுக்கும் சேர்த்து ஒன்று போதும் என்கிறாய். ஏன்? ஒயின் பாட்டில் அடுக்குகிற குளிர்பெட்டிக்கு அந்த இடம் வேண்டுமாம். இருக்கிற அந்த ஒற்றை வடிகட்டியையும் தேக்குப் பலகைக்குப் பின்னால் ஒளித்து, பலகைக்குப் பன்னிரண்டு ஸ்க்ரூ. ஒரு பிளாஸ்டிக் பை வந்து அடைத்துக்கொண்டால், ஆடுகிற கப்பலில், கொதிக்கிற அறையில், ஒருவன் உட்கார்ந்து பன்னிரண்டு ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும். அதுவரைக்கும் இன்ஜின் பொறுமையாகக் காத்திருக்கும் என்று கப்பலுக்கு உள் அலங்காரம் பார்க்கிற அந்த டிசைனர் அம்மாள் உத்தரவாதம் கொடுத்தாளா?

அடுத்தது அலாரம். சூடு ஏறினால் இன்ஜின் அறையில் அலறுகிற மணி. நீ போட்டிருந்தாய். அதையும் அடித்திருக்கிறாய். மேலே கேப்டன் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு போதும் என்கிறாய். மணி அலறினால் பெரிய படுக்கையறையில் விருந்தாளிகளின் தூக்கம் கெடுமாம். இந்த வரிக்காகத்தான் நான் கை கழுவப் போனது. அதோடு, முடிந்த பிறகு அறை எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து நீ பெருமையாக அனுப்பிய அந்தப் படம். இன்ஜின் அறை முழுக்க வெள்ளை. குழாய் வெள்ளை, கவ்விகள் வெள்ளை, ஜிங்க் போடுகிற மூடிகளின் தலைகூட வெள்ளை. போட்டோவுக்கு நன்றாக இருக்கும், பத்திரிகையில் வரும் என்கிறாய். ஆஸ்பத்திரியில் பிணம் கழுவுகிற அறையும் இப்படித்தான் வெள்ளையாக இருக்கும்.

என்னை உத்தமன் என்று நினைத்துக்கொண்டு எழுதவில்லை. என் தொழிலின் முதல் தப்பு உனக்குத் தெரியும், அதை நானே சிரித்துக்கொண்டு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கீழ்வேளூரில் குத்தகை நிலத்துக்கு ஆயில் இன்ஜின் ஓட்டி வளர்ந்தவன் நான். குறுவைக்கு ஆறு கைவிட்டால் பம்புசெட்தான் கதி. அந்த இன்ஜினுக்குக் குளிர்ச்சி எப்படி? பம்பு இறைக்கிற தண்ணீரிலேயே ஒரு சின்ன டியூபைப் பிரித்து இன்ஜினுக்குள் விடுவோம், அது சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து வாய்க்காலில் விழுந்து பயிருக்குப் போகும். அதைவிட எளிய ஏற்பாடு உலகத்தில் இல்லை. நாகப்பட்டினத்துக்கு வந்து பட்டறை போட்டதும், முதல் மீன்பிடிப் போட்டுக்கும் அதையே செய்தேன். வாய்க்கால் தண்ணீரும் தண்ணீர், கடல் தண்ணீரும் தண்ணீர் என்று ஒரு நெல்வயல்காரனுக்குத்தான் தோன்றும். ஒரே வருடத்தில் உப்பு இன்ஜினின் உள்பக்கத்தைத் தின்று தீர்த்தது. வாய்க்கால் மேஸ்திரி என்று துறைமுகத்தில் எனக்குப் பெயர் வைத்தார்கள். அது அறியாமை. அதற்காக நான் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை.

நீ அறியாத தப்பு ஒன்று உண்டு. உன் அம்மாவுக்கும் இந்தப் புதன்கிழமை வரை தெரியாது.

அஞ்சப்பன் சித்தப்பாவை உனக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், நீ மறந்தவன் மாதிரி பேசுவதால். நமக்கு இரத்த உறவு இல்லை. சொந்தப் போட்டு வைத்துத் தானே ஓட்டியவன், என் ஆரம்பகால வாடிக்கைக்காரன், என்னை அண்ணே என்று கூப்பிட்டவன். ஒவ்வொரு தடவை கரைக்கு வரும்போதும் உனக்கென்று நண்டைத் தனியாக ஒரு பையில் கட்டிக் கொண்டுவருவான். உன்னைத் தோளில் தூக்கிப் போட்டில் ஏற்றி ஸ்டியரிங்கைப் பிடிக்கவிட்டவன். கப்பல் வேலை உனக்குப் பிடித்ததற்கு நான் காரணம் என்று ஊரில் சொல்கிறார்கள். அவன்தான் காரணம்.

வாய்க்கால் மேஸ்திரி பாடம் படித்த பிறகு, அவன் போட்டுக்கு நானே சரியான ஏற்பாடு செய்து கொடுத்தேன். இன்ஜினுக்குள் நல்ல தண்ணீர் மட்டும் சுற்றும். அந்தத் தண்ணீர் போட்டின் அடிவயிற்றில் வெளிப்பக்கமாக ஓடும் குழாய் வழியாகப் போய், கடலில் சூட்டை விட்டுவிட்டுத் திரும்பி வரும். அந்தக் குழாயின் பக்கத்தில் ஜிங்க் கட்டிகள். கடல் தண்ணீர் உலோகத்தை அரிக்கும்போது முதலில் ஜிங்க் கரையும், அது கரைகிறவரைக்கும் குழாய் பிழைக்கும். உனக்கு இது அரிச்சுவடி. அந்த ஜிங்க் வெறும் உடம்போடு தண்ணீரில் நிற்க வேண்டும் என்பதும் உனக்கு அரிச்சுவடி. பெயிண்ட் அடித்தால் அது வெறும் பாரம்.

மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டைக் கரையேற்றி வைத்து, மராமத்து பார்த்து, பெயிண்ட் அடித்து, பூசை போட்டு இறக்குவது இங்கே எப்படி நடக்கும் என்று நீ பார்த்திருக்கிறாய். கல்யாண வீடு தோற்றுப்போகும். அந்த வருடம் அஞ்சப்பன் குடும்பமே சேர்ந்து போட்டுக்கு வர்ணம் பூசியது. அவன் பெண்டாட்டி, மச்சினன், தங்கைகள் எல்லாரும். நீலமும் மஞ்சளும். அடிப்பாகம் முழுக்கச் சிவப்பு. இறக்குகிற காலையில் நான் கடைசியாக ஒரு பார்வை பார்க்கப் போனேன். குனிந்து பார்த்தால், ஜிங்க் கட்டி எல்லாம் சிவப்பு. அதோடு விட்டார்களா, ஒவ்வொரு கட்டிக்கும் மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு வேறு. "எதையும் விட்டுடக் கூடாதுன்னு பாத்துப் பாத்து வச்சோம் அண்ணே" என்று அவன் பெண்டாட்டி சொன்னாள்.

சுரண்டியால் ஒரு மணி நேர வேலை. நான் செய்யவில்லை. நல்ல நேரம் முடியப் போகிறது, தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், மேளக்காரர் வந்துவிட்டார், பொட்டு வைத்த போட்டில் சுரண்டியை வைத்தால் அபசகுனம் என்று யாராவது முகம் சுளிப்பார்கள். இப்படி நானே எனக்குக் காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் அதைவிடக் கேவலமானது. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பைக் கெடுக்கிற ஆளாக இருக்க எனக்கு மனம் வரவில்லை. அஞ்சப்பன், "எல்லாம் சரியா இருக்கா அண்ணே?" என்று கேட்டான். "ஒண்ணும் ஆகாது, இறக்கு" என்றேன். அடுத்த வருடம் பழைய சிவப்பின் மேலேயே புதுச் சிவப்பு அடித்தார்கள். அப்போதும் பார்த்தேன். போன வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்று அப்போதும் வாயை மூடிக்கொண்டேன்.

மீதியை நீ வேறு விதமாகக் கேட்டிருக்கிறாய். நீ ஏழாவது படிக்கும்போது, கரையிலிருந்து எட்டு மணி நேரத் தூரத்தில் அந்தக் குழாயில் ஓட்டை விழுந்தது. இன்ஜின் தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. மீட்டர் முள் சிவப்பில் போய் நின்றதும் அஞ்சப்பன் கீழே இறங்கி, தண்ணீர் ஊற்றலாம் என்று தொட்டி மூடியைத் திறந்தான். ஆவி முகத்தில் அடித்தது. வலது கண் அன்றைக்கே போயிற்று. பக்கத்துப் போட்டு கட்டி இழுத்துக் கரைக்குக் கொண்டுவருவதற்குள் மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள், இன்ஜின் தெரிந்தவன் நான்தானே. "ஆறவிட்டுத் திறக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன், அவசரப்பட்டுட்டான்" என்றேன். யாரும் என் மேல் பழி போடாதபோதே நான் முந்திக்கொண்டேன் பார், அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாய் கசக்கிறது. ஊர் முழுக்க அந்த வார்த்தையே நிலைத்துவிட்டது. நீ கேட்டபோதும் அதையேதான் உனக்குச் சொன்னேன். அஞ்சப்பனும் அதையே நம்பிக்கொண்டு, போட்டை விற்றுவிட்டு, இவ்வளவு வருடம் தன் தலையெழுத்து என்றும் தன் அவசரம் என்றும் தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் போட்டைக் கரையேற்றியபோது அந்த ஜிங்க் கட்டிகளை நானே முதல் ஆளாகப் போய்க் கழற்றி எடுத்து வந்துவிட்டேன். போட்ட அன்றைக்கு என்ன எடையோ அதே எடை. துளிகூடக் கரையவில்லை.

இதையெல்லாம் சாகும்வரை சொல்லாமல் இருந்திருப்பேன். அந்த அளவுக்கு நான் யோக்கியன். ஆனால் செவ்வாய்க்கிழமை பட்டியலைப் பார்த்துவிட்டு உனக்குப் போன் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? மணியை எதற்கு எடுத்தாய் என்று கேட்டேன். "அப்பா, ஓனர் சைடுல எல்லாரும் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க. இப்போ போய் நான் ஒண்ணொண்ணா குறை சொன்னா, இவன் பிரச்சனை பண்ற ஆளுன்னு பேர் ஆயிடும். நான் போடலைன்னா வேற ஒருத்தன் கையெழுத்துப் போடுவான். ஒண்ணும் ஆகாதுப்பா" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. உன் மூக்கு உன் அம்மாவுடையது, உயரம் என் அப்பாவுடையது. என்னிடமிருந்து நீ எடுத்துக்கொண்டது இந்த ஒரு வார்த்தைதான் போலிருக்கிறது.

உன்னைத் திட்டி முடித்துவிட்டேன் என்று நினைக்காதே, ஆனாலும் நடுவில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு இன்ஜினுக்கும் தனித்தனி வடிகட்டி வேண்டும். ஒவ்வொன்றும் ஜோடியாக இருக்கட்டும், ஒன்றைக் கழுவும்போது மற்றதில் தண்ணீர் ஓட வேண்டும், இன்ஜினை நிறுத்தக் கூடாது. கையை நீட்டினால் எட்டுகிற இடத்தில் வை, பலகை கிலகை எதுவும் முன்னால் வராமல். சூட்டை மாற்றுகிற குழாய்க்கட்டுக்குப் பித்தளை போட்டிருக்கிறாய், பளபளப்பாக இருக்கும், மூன்று வருடத்தில் மாவாகும். செம்பும் நிக்கலும் கலந்ததைப் போடு. அதைத்தான் நீயும் முதலில் எழுதியிருந்தாய். கடல் தண்ணீர் பம்பின் ரப்பர்ச் சக்கரம் எத்தனை உபரி வைக்கிறாய் என்பதைவிட, அதை மாற்ற எத்தனை நிமிடம் ஆகும் என்பதை யோசி. இருட்டில், கப்பல் ஆடும்போது, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் மாற்ற முடியாத பம்பு எனக்கு வேண்டாம். கரன்ட் இல்லாமல் வேலை செய்கிற ஒரு சாதாரண முள் மீட்டர் இன்ஜின் மேலேயே இருக்கட்டும். அழகாக இருக்காது. மணியை அது இருந்த இடத்திலேயே வை, சத்தம் குறையாமல். விருந்தாளிகள் ஒரு ராத்திரி தூங்காவிட்டால் செத்துப்போக மாட்டார்கள். ஜிங்க் மூடிகளின் மேல் வெள்ளை அடிக்கவே கூடாது என்று சொல். உள்ளே இருக்கும் ஜிங்க் கட்டியின் மேல் பெயிண்ட் படாமல் இருந்தாலும், மூடிக்கும் குழாய்க்கும் நடுவில் பெயிண்ட் புகுந்தால் தொடர்பு போய்விடும், அப்புறம் அதுவும் வெறும் பாரம்தான். இதையெல்லாம் நீ எழுத்தில் கொடு. அவர்கள் அடித்தால் அவர்கள் பேனாவால் அடிக்கட்டும். உன்னையே அடிக்க வைத்திருக்கிறார்கள் பார், அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் எனக்குத் தாங்கவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை வேண்டுமே என்று, புதன்கிழமை காலையில் அஞ்சப்பன் வீட்டுக்குப் போனேன். முதலில் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அஞ்சப்பன் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான், ஒற்றைக் கண்ணுக்குத் தோதாகத் தலையைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு. "வாங்கண்ணே, தம்பி கப்பல் எந்த மட்டுல இருக்கு?" என்றான். நான் உட்காராமலே சொன்னேன். சிவப்புப் பெயிண்ட்டிலிருந்து ஆஸ்பத்திரி வராந்தா வரைக்கும், ஒன்றையும் விடாமல். நடுவில் அவன் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் குறைத்தான். அவ்வளவுதான் செய்தான். நான் முடித்த பிறகு கேட்டான்.

"ரெண்டு வருசமும் பாத்தீங்களா?"

"ரெண்டு வருசமும் பாத்தேன்."

அவன் பெண்டாட்டி உள்ளேயிருந்து டீ கொண்டு வந்தாள். அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை, எப்போதும்போல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அண்ணனுக்கு டீ வேண்டாம்" என்றான் அஞ்சப்பன். என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துத்தான் சொன்னான். அவள் டம்ளரோடு அப்படியே நின்றாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். முப்பது வருடத்தில் அந்த வீட்டில் டீ குடிக்காமல் நான் வெளியே வந்தது அன்றைக்குத்தான். அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன், மன்னித்திருந்தால் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டிருப்பேன். இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கேட்டைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து கூப்பிட்டான். திரும்பினேன். வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான்.

"தம்பி கட்டுற கப்பல்ல, கீழ இறங்கி இன்ஜின் பாக்கப் போறவன் யாரு?"

தெரியாது என்றேன். "தம்பிக்காவது தெரியுமான்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அன்று சாயங்காலம் உனக்குப் போன் போட்டு நான் அதை ஏன் கேட்டேன் என்று இப்போது உனக்குப் புரியும். "ஏஜென்சி அனுப்பும்ப்பா, யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்" என்றாய். தெரிந்துகொள். ஏஜென்சியைக் கேட்டு அவன் பெயரையும் நம்பரையும் வாங்கு. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அவனைக் கூப்பிட்டு, நீ யார் என்று சொல். வடிகட்டியைப் பலகைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், பன்னிரண்டு ஸ்க்ரூ இருக்கிறது, நீ நிற்கிற அறையில் மணி கிடையாது, நான்தான் எடுத்தேன் என்று உன் வாயால் அவனிடம் சொல். ஏன் எடுத்தாய் என்று கேட்பான். அதையும் சொல். சொல்லி முடிந்த பிறகும் பேனா பிடிக்க உனக்குக் கை வந்தால், கையெழுத்துப் போடு.

அப்பா